"கூட்டுறதா, கழிக்கிறதா அம்மா?": வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது பற்றி

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகன் நாலாம் ஆண்டு. வாய்பாடு பன்னிரண்டு வரை தடக்காமல் சொல்கிறான். கொப்பியில் கூட்டல், கழித்தல் சில நாள் எல்லாம் சரி, சில நாள் எல்லாம் பிழை. வசனக் கணக்கு வந்தால் வாசித்து முடிக்க முதலே "கூட்டுறதா, கழிக்கிறதா அம்மா?" என்று கேட்கிறான். வகுப்பு ஆசிரியை ரியூசனுக்கு விடச் சொல்கிறார். கணவர் வெளிநாட்டில். உங்களுக்கோ படிக்கிற காலத்திலேயே கணக்கு என்றால் காய்ச்சல். இந்த நிலையில் வீட்டில் வைத்து நீங்களே சொல்லிக் கொடுக்கலாமா, எங்கே தொடங்குவது?

சொல்லிக் கொடுக்கலாம். ரியூசன் கதையைக் கடைசியில் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துப் பள்ளிக்கூடங்களில் ஆரம்பப் பிரிவுக்கு நெடுங்காலம் படிப்பித்தவன் நான். கணக்கில் பின்தங்குகிற பிள்ளைகளின் தாய்மார் பலர் குறைவாகச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் அல்ல, அளவுக்கு மிஞ்சிச் சொல்லிக் கொடுக்கிறவர்கள். பள்ளிக்கூடத்தில் செய்த அதே கணக்கை வீட்டில் இன்னும் 20 தரம் செய்விப்பார்கள். பிள்ளையும் செய்யும், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே செய்யும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியரால் செய்ய முடியாத ஒன்று உங்களால் முடியும். ஒரு பிள்ளை ஒரு விடைக்கு எந்த வழியால் வந்தது என்பதை ஆறுதலாக இருந்து முழுவதும் கேட்கலாம். அதற்கு நீங்கள் கணக்கில் கெட்டியாக இருக்கத் தேவையில்லை.

முதலில் மாற வேண்டியது நீங்கள் கேட்கிற கேள்வி. அவன் விடை சொன்னதும் "சரி", "பிழை" என்று சொல்லாமல், "எப்பிடி வந்தது? சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். விடை சரியாக இருந்தாலும் கேட்க வேண்டும், பிழையாக இருந்தாலும் அதே முகத்தோடு கேட்க வேண்டும். பிழை வந்தால் மட்டும் கேட்டீர்கள் என்றால், அந்தக் கேள்விக்கே "பிழை" என்றுதான் அர்த்தம் என்று பிள்ளை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடும். பிறகு நீங்கள் வாயைத் திறக்க முதல் அழிறப்பரை எடுத்துவிடும். தொடக்கத்தில் உங்கள் மகனும் அப்படித்தான் செய்வான். "அழிக்காதை ராசா, நீ செய்தது எனக்கு விளங்கேல்லை, அதுதான் கேக்கிறன்" என்று சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்பது இந்த இடத்தில் ஒரு வசதி. நீங்கள் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்கிறீர்கள்.

அடுத்தது, எங்கே அறுந்தது என்று பார்க்க வேண்டும். நாலாம் ஆண்டில் தெரிகிற சிக்கல் பெரும்பாலும் நாலாம் ஆண்டில் தொடங்கியதாக இராது. இரண்டாம் ஆண்டிலேயே அறுந்திருக்கும், பாடமாக்கிச் சமாளித்துக்கொண்டு வந்திருப்பான். ஒரு பின்னேரம் அவன் விளையாடிவிட்டு வந்து இருக்கிற நேரத்தில், பரீட்சை மாதிரி இல்லாமல், சும்மா கதைக்கிற மாதிரி ஐந்து விசயம் கேட்டுப் பாருங்கள்.

34 புளியங்கொட்டையை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். கடுதாசியில் 34 என்று எழுதி, 4ஐத் தொட்டு, "இது எந்தக் கொட்டைகள், காட்டு" என்று கேளுங்கள். நாலு கொட்டையைக் காட்டுவான். பிறகு 3ஐத் தொட்டுக் கேளுங்கள். முப்பது கொட்டையை அள்ளிக் காட்டினால் நல்லது. மூன்று கொட்டையைக் காட்டினால் உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. (மிச்சம் 27 கொட்டை என்னத்துக்கு என்று கேட்டால், தோளை உலுப்பிக்கொண்டு சிரிப்பான்.) இரண்டாவது, 52இல் இருந்து 27ஐக் கழிக்கக் கொடுங்கள். மூன்றாவது, "ஏழெட்டு எத்தினை எண்டு மறந்து போச்சு எண்டு வை, எப்பிடிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். நாலாவது, மூன்றில் ஒரு பங்கு தோசை வேணுமா, நாலில் ஒரு பங்கு தோசை வேணுமா, எது பெரிசு? ஐந்தாவது, 12ஐ நாலால் வகுக்கிற மாதிரி ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கடைசியில்தான் கனபேர் முழிப்பார்கள். 12 ÷ 4 = 3 என்று எழுதத் தெரியும், எப்போது வாழ்க்கையில் அப்படிச் செய்வோம் என்று தெரியாது.

ஐந்துக்கும் அவன் சொன்னதைச் சொன்னபடியே ஒரு ஒற்றையில் எழுதி வையுங்கள். அன்றைக்குத் திருத்த வேண்டாம்.

இப்போது அந்த 52, 27க்கு வருவோம், ஏனென்றால் உங்கள் மகனின் "சில நாள் எல்லாம் சரி, சில நாள் எல்லாம் பிழை"க்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். விடை 35 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை. அவன் ஒரு சட்டம் வைத்திருக்கிறான்: பெரியதில் இருந்து சிறியதைக் கழி. ஏழில் இருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இருந்து இரண்டு போனால் மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று அவனுக்குக் கவலை இல்லை. 58இல் இருந்து 27ஐக் கழிக்கும்போது அதே சட்டம் 31 என்று சரியான விடையைத் தரும். ஆகவே பயிற்சியில் மேல் இலக்கங்கள் பெரிதாக வந்த நாளில் எல்லாம் சரி, சிறிதாக வந்த நாளில் எல்லாம் பிழை. ஆசிரியர் "கவனமில்லை" என்று எழுதுவார். பிள்ளையோ இரண்டு நாளும் ஒரே கவனத்தோடு ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது.

இதற்கு மருந்து உங்கள் முற்றத்தில் இருக்கிறது. பழைய விளக்குமாற்றில் இருந்து ஈர்க்குகளை உருவி, விரல் நீளத்துக்கு முறித்து, பத்துப் பத்தாக றப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். கட்டுகிற வேலையை அவனே செய்யட்டும், அதிலேயே பாதிப் படிப்பு இருக்கிறது. பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு, அது நூறு. இனி 52ஐ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதிலை 27ஐ எனக்குத் தா." இரண்டு கட்டைத் தருவான். பிறகு ஏழு உதிரி தர வேண்டும், கையில் இரண்டுதான். இந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. கொஞ்சநேரம் கட்டுகளைப் பார்ப்பான், உங்களைப் பார்ப்பான். பிறகு "அம்மா, ஒரு கட்டை அவிழ்க்கட்டா?" என்று கேட்பான். கேட்டுவிட்டான் என்றால், கொப்பியில் 5ஐ வெட்டி 4 என்று எழுதி, 2க்கு முன்னால் 1 போடுகிற அந்த வேலை என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாலு கட்டும் பன்னிரண்டு உதிரியும். ஏழைக் கொடுத்தால் ஐந்து மிச்சம், கட்டு இரண்டு மிச்சம். 25.

சில நாள் ஈர்க்கோடு செய்த பிறகு, ஈர்க்குக்குப் பதிலாகக் கோடும் புள்ளியும் கீறச் சொல்லுங்கள்: பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் வெறும் இலக்கம். முதலில் கையால் தொடுவது, பிறகு படம், பிறகு குறியீடு என்ற இந்த ஒழுங்கை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் தெளிவாக எழுதிவைத்தார். எங்கள் வீடுகளில் நடக்கிற பிழை, நேரே மூன்றாவதில் போய் நிற்பது. பள்ளிக்கூடத்திலும் நேரம் போதாமல் அதுதான் நடக்கிறது.

403இல் இருந்து 178ஐக் கழிக்கிற மாதிரி நடுவில் பூச்சியம் வருகிற கணக்கு, பெரிய பிள்ளைகளையே விழுத்தும். 375 என்று எழுதி வருவார்கள், அதே பழைய சட்டத்தால். ஈர்க்கில் செய்து பாருங்கள். நாலு பெரிய கட்டு, மூன்று உதிரி, சின்னக் கட்டே இல்லை. உதிரி வேண்டுமென்றால் முதலில் ஒரு பெரிய கட்டை அவிழ்த்துப் பத்துச் சின்னக் கட்டாக்க வேண்டும், அதில் ஒன்றை அவிழ்த்துப் பத்து உதிரியாக்க வேண்டும். இப்போது கையில் மூன்று பெரிய கட்டு, ஒன்பது சின்னக் கட்டு, பதின்மூன்று உதிரி. அந்தப் பூச்சியம் ஏன் திடீரென்று 9 ஆனது என்பது பலருக்குப் பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எடுக்கும்வரை மந்திரமாகவே இருக்கும். உங்கள் மகன் ஒன்பது கட்டைக் கண்ணால் பார்த்திருப்பான்.

இதே கணக்குக்கு இன்னொரு வழி இருக்கிறது, கொப்பியே தேவையில்லாத வழி. சந்தையில் மரக்கறி விற்கிற ஆச்சிமார் மிச்சக் காசு தருவதைப் பார்த்திருப்பீர்கள். 640 ரூபாவுக்குச் சாமான் வாங்கி 1000 ரூபாத் தாளை நீட்டினால், அவர்கள் கழிப்பதில்லை. 640இல் இருந்து மேலே ஏறுவார்கள்: பத்தைப் போட்டு 650, ஐம்பதைப் போட்டு 700, முந்நூறைப் போட்டு ஆயிரம். கையில் 360. அதே மாதிரி 178இல் இருந்து 403க்கு ஏறிப் பாருங்கள். 2 போட்டால் 180, 20 போட்டால் 200, 200 போட்டால் 400, இன்னும் 3. கூட்டினால் 225. இது குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். கழித்தல் என்பது இரண்டு எண்ணுக்கு இடையில் உள்ள தூரம் என்ற விளக்கமே இதில்தான் வருகிறது. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, எது கிட்டவோ அந்தச் சந்தைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கொடுக்கிற வேலையையும் மிச்சம் எண்ணி வாங்குகிற வேலையையும் அவனிடம் விடுங்கள். சனம் பின்னால் நிற்கிற நேரம் வேண்டாம், அவன் பதறுவான்.

சரி, வாய்பாடு. பாடமாக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். "ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு" என்று ராகம் போட்டுச் சொன்ன தலைமுறைக்குக் கணக்கு வராமல் போகவில்லை. வாய்பாடு வாயில் இருந்தால்தான் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் பின்னமும் நெடும் வகுத்தலும் செய்யத் தலையில் இடம் இருக்கும். ஆனால் பாட்டு நடுவில் அறுந்தால் முதலில் இருந்து தொடங்குகிற பிள்ளைக்கு அது பாட்டாக மட்டும் இருக்கிறது. அதைத்தான் "ஏழெட்டு மறந்து போச்சு எண்டு வை" என்ற கேள்வி காட்டித் தரும். "ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, சேர்த்தால் ஐம்பத்தாறு" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மறதி பெரிய விசயம் இல்லை.

பிள்ளைகள் வாய்பாட்டுக்குப் பயப்படுவது அது முடிவில்லாமல் இருப்பதாகத் தோன்றுவதால். இதை அவனோடு சேர்ந்து ஒரு நாள் செய்யுங்கள். சதுரக் கோட்டுக் கொப்பியில் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டால் 100 விடை. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்பாடு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவற்றை நிறம் தீட்டச் சொல்லுங்கள். மூவேழும் எழுமூன்றும் ஒன்றுதான், ஆகவே ஒரு பக்கத்தை மறைத்துவிடலாம். இப்போது எண்ணிப் பாருங்கள், 21 கட்டம்தான் வெள்ளையாக இருக்கும். ஒன்பதாம் வாய்பாடு பத்தாம் வாய்பாட்டில் இருந்து ஒரு தரம் குறைத்தால் வரும்: எட்டொன்பது என்றால் 80இல் இருந்து 8 போக 72. நாலாம் வாய்பாடு இரண்டாம் வாய்பாட்டின் இரட்டை. மூன்றாம் வாய்பாடு சின்னன், அது வந்துவிடும். கடைசியில் நிற்பவை ஆறே ஆறு: 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. அந்த ஆறையும் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மலை மாதிரித் தெரிந்தது ஆறு வரிக்கு வந்துவிட்டது என்பதே பிள்ளைக்குப் பெரிய தெம்பு.

பெருக்கலைக் கண்ணால் காட்ட முட்டைத் தட்டு போதும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, முப்பது. தட்டைத் திருப்பினால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து, முட்டை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

வசனக் கணக்குக்கு வருவோம், நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான். "கூட்டுறதா, கழிக்கிறதா" என்று கேட்கிற பிள்ளை கணக்கை வாசிக்கவில்லை, எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. இது உங்கள் வீட்டு நோய் மட்டும் இல்லை. பிரான்சில் கிரெனோபிள் நகரில் 1979இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கொடுத்துப் பார்த்தார்கள். கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கணக்கு என்றால் இரண்டு எண்ணை எடுத்து ஏதாவது செய்து விடை எழுதுவது என்று பழக்கிவிட்டால் பிள்ளை அதைத்தான் செய்யும். உங்கள் மகனிடமும் கேட்டுப் பாருங்களேன், செம்மறிக்குப் பதில் மாடு என்று வைத்து.

இதைக் கூடக் கெடுப்பது நாங்கள் கொடுக்கிற சூத்திரங்கள். "'மொத்தம்' எண்டால் கூட்டு, 'மிச்சம்' எண்டால் கழி, 'கூட' எண்டால் கூட்டு." ரியூசன்களில் இதைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள்: "குமரனிடம் 24 போளை இருக்கிறது. அது நிலாவிடம் இருப்பதிலும் 9 கூட. நிலாவிடம் எத்தனை போளை?" 'கூட' என்ற சொல்லைக் கண்டதும் 33 என்று எழுதுவான். நிலாவிடம் இருப்பது 15.

நான் செய்கிற வழி இது. முதலில் எண்ணை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்வது. "குமரனிட்டைக் கொஞ்சப் போளை இருக்கு. நிலாவிட்டையும் இருக்கு. குமரனிட்டைத்தான் கூட." இப்போது கேளுங்கள்: ஆரிட்டைக் கூட? ஆரிட்டைக் குறைய? பிள்ளைக்குக் கணக்குப் போட ஒன்றுமில்லை, ஆகவே யோசித்தே ஆக வேண்டும். அடுத்து, அடிமட்டத்தை வைத்து இரண்டு நீட்டுப் பெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கீறச் சொல்லுங்கள். மேலே குமரனுடையது நீளமாக, கீழே நிலாவுடையது கட்டையாக. நீண்டிருக்கிற துண்டுதான் 9. மேல் பெட்டி முழுவதும் 24. இனி அவன் உங்களைக் கூட்டுறதா கழிக்கிறதா என்று கேட்க மாட்டான், படம் சொல்லிவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் 1980களில் இருந்து இந்தப் பட்டைப் படத்தைத்தான் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்துப் படிப்பிக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு இப்படி ஒரு வசனக் கணக்குப் போதும். ஒன்றை மூன்று விதமாகப் பார்ப்பது, பத்தை ஓடி ஓடிச் செய்வதைவிட மேல். விடை வந்த பிறகு அதைக் கதைக்குள் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: நிலாவிடம் 15, அதிலும் 9 கூட என்றால் 24, ஓம், சரி. இடைக்கிடை அவனையே கணக்குக் கட்டச் சொல்லுங்கள், நீங்கள் செய்யுங்கள். நீங்கள் பிழை விட்டால் அவனுக்கு வருகிற சந்தோசத்தைச் சொல்லத் தேவையில்லை.

பின்னம் நாலாம் ஆண்டில் பெரிதாக இராது, ஆனால் இப்போதே கொஞ்சம் விதைத்து வையுங்கள். நாலில் ஒரு பங்குதான் பெரிசு, ஏனென்றால் மூன்றிலும் நாலு பெரிசு என்று கனபேர் சொல்வார்கள். தோசையை ஒரு நாள் மூன்று பேருக்கும் ஒரு நாள் நாலு பேருக்கும் வெட்டிப் பங்கிட்டால், எது கூடக் கிடைக்கும் என்று வயிறே சொல்லும். பங்கு சமமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். "அரைவாசியிலை பெரிய அரைவாசி எனக்கு" என்று எங்கள் வீடுகளில் எல்லாரும் சொல்கிறோம். கணக்கில் பெரிய அரைவாசி கிடையாது.

இதிலே ஒரு யாழ்ப்பாணத்து வசதியும் இருக்கிறது, மூத்த பிள்ளைகளுக்குப் பயன்படும். எங்கள் காணி எல்லாம் பரப்புக் கணக்கு. 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்புக்கு 10 பேர்ச். நாலு பரப்பு கால் ஏக்கர், இரண்டு பரப்பு அரைக்கால் ஏக்கர். மூன்று பரப்புக் காணியை நாலு சகோதரருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு? முக்கால் பரப்பு, அதாவது ஏழரைப் பேர்ச். இந்த ஊரில் காணி பிரிக்காத குடும்பம் எது? ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 3/4 × 10 என்று எழுதிக் கொடுத்தால் வராத உற்சாகம், "அம்மம்மாவின்ரை காணியைப் பிரிப்பம்" என்றால் வருகிறது. (உண்மையான உறுதியை எடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். அது வேறு கணக்கு.)

விளையாட்டைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தாயம், கொக்கான் எல்லாம் எண்ணிக்கைக்கு நல்லது. எனக்குப் பிடித்தது முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம். சீட்டு என்றதும் முகம் சுளிக்கிற வீடுகள் உண்டு. காசு வைக்காமல் வீட்டுக்குள் விளையாடினால் அதைவிட நல்ல மனக்கணக்குப் பயிற்சி எனக்குத் தெரியாது. ஜக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிச் சீட்டுகளுக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. ஆட்டம் முடிந்ததும் பிடித்த சீட்டுகளை அவன் கூட்டட்டும். உங்கள் பக்கம் 187 என்றால் எதிர்ப்பக்கம் எத்தனை? மேலே ஏறிப் போகிற அந்த ஆச்சிமார் வழி இங்கேயும் வரும். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவவைத் துணைக்குப் பிடியுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் பென்சில் இல்லாமல் கணக்குப் பார்க்கிறவர்கள், நிதானமும் கூட.

நேரம், அளவை, நிறை எல்லாம் தனியே படிப்பிக்கிற விசயம் இல்லை, நாளாந்தம் நடக்கட்டும். முள்ளுள்ள மணிக்கூடு ஒன்று சுவரில் இருக்க வேண்டும். அரிசியைச் சுண்டால் அளக்கும்போது ஒரு கிலோவுக்கு எத்தனை சுண்டு என்று அவன் பார்க்கட்டும். விரலை மடக்கி எண்ணுவதை அடித்து நிறுத்தாதீர்கள், தேவையில்லாதபோது தானே நிற்கும். கைத்தொலைபேசியில் கணக்கு விளையாட்டு வாய்பாட்டு வேகத்துக்கு உதவும், விளக்கத்துக்கு உதவாது.

நேரத்தைப் பற்றி: ஒரு நாளைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், அவன் கேட்டாலும் வேண்டாம். விளக்கு வைத்த பிறகு, சாப்பாட்டுக்கு முதல் நல்ல நேரம். உங்களுக்குக் கோபம் வருகிற நாளில் கொப்பியை மூடிவிட்டுத் தாயம் உருட்டுங்கள். பயந்த பிள்ளைக்கு, தெரிந்த கணக்கும் அந்த நேரத்தில் வராது, அது பிடிவாதம் இல்லை.

உங்கள் பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, கணக்குக்குப் பயந்த பெற்றோர் வீட்டுப் பாடத்துக்கு அடிக்கடி உதவும்போது, பிள்ளை அந்த ஆண்டில் கற்றுக்கொள்வது குறைகிறது என்று கண்டது. அதே பயம் உள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். பாடம் படிப்பிக்கிற வேலையை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, கேட்கிற வேலை, ஈர்க்குக் கட்டுகிற வேலை, சந்தைக்குக் கூட்டிப் போகிற வேலையை நீங்கள் எடுங்கள். "எனக்கும் கணக்கு ஓடாது, நீயும் என்னை மாதிரி" என்ற வசனத்தை மட்டும் அவன் காதில் விழ விடாதீர்கள். அன்பாகத்தான் சொல்வோம், பிள்ளை அதைச் சாதகத்தில் எழுதினது போல எடுத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்து முறை வேறு, நீங்கள் காட்டுகிற முறை வேறு என்று குழம்பாதா? குழம்பாது, இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன என்று அவன் கண்டால். வீட்டில் ஏறிப்போகிற வழியில் விடையைக் கண்டுபிடிக்கட்டும், கொப்பியில் ஆசிரியை கேட்கிற செய்கை வழியையே எழுதட்டும். இரண்டு விடையும் ஒத்து வந்தால் அதுவே சரி பார்ப்பது.

இனி ரியூசன். இந்த ஊரில் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிள்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் போகிறார்கள் என்பதால் மட்டும் நாலாம் ஆண்டுப் பிள்ளையை விட வேண்டாம். அவன் பிரச்சினை பயிற்சி போதாமை இல்லை. இன்னும் ஐம்பது பேரோடு இருந்து பலகையைப் பார்த்து எழுதுவது அதைத் தீர்க்காது. நாலைந்து மாதம் நான் சொன்னபடி பாருங்கள். பிறகும் தேவை என்று பட்டால், ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்க்காத ஒருவரைத் தேடுங்கள். "பிள்ளையின் செய்கை வழியைப் பார்ப்பீர்களா, விடையை மட்டும் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை விரும்பாதவரிடம் விடாதீர்கள்.

புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துத்தான் ஆசிரியை அவசரப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். அது ஐந்தாம் ஆண்டில், இரண்டு வினாத்தாள். கணக்கைத் தனிப் பாடமாகக் கேட்பதைவிட, வாசித்து விளங்கி யோசிக்கிறதைத்தான் நிறையக் கேட்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களை இப்போதே செய்விக்கத் தொடங்கினால் அவன் விடைகளைப் பாடமாக்குவான், பரீட்சைக்கு முந்திய சில மாதங்களில் செய்தால் போதும். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அவனுக்குக் கணக்குப் படிக்க இன்னும் ஆறு வருசம் கிடக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம் எல்லாருக்கும் கட்டாய பாடம், அங்கே உதவப் போவது இப்போது கட்டுகிற ஈர்க்குக் கட்டுகள்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பலகையில் இருந்து எழுதும்போது இலக்கங்களை மாற்றி எழுதுகிறான் என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், கண்ணாடி போட்டதும் கணக்கு வந்த பிள்ளைகள் உண்டு. சில மாதம் ஈர்க்கோடு இருந்தும் 8 பெரிசா 5 பெரிசா என்பதிலேயே தடுமாறினால், அல்லது 5உம் 3உம் எத்தனை என்பதை ஒவ்வொரு முறையும் ஒன்றில் இருந்து எண்ணினால், குழந்தைநல மருத்துவரிடம் ஒருக்கால் கதையுங்கள். எண்களில் மட்டும் சிரமம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அப்படித் தெரியவில்லை.

அந்த ஐந்து கேள்வியையும் இந்தக் கிழமைக்குள் கேட்டு, அவன் சொன்ன பதில்களை அவன் வாயில் வந்தபடியே எனக்கு எழுதுங்கள். திருத்தாமல், அழகுபடுத்தாமல். முக்கியமாக 3ஐத் தொட்டபோது எத்தனை கொட்டையைக் காட்டினான் என்று.